ஜோடிக்காரன் சொன்ன பதில்

போடறேன்ப்பா, உங்க புகார்ல சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லல. மொதல்ல உக்காருங்க. உங்க பையனுக்குக் கட்டு மாத்திட்டிருக்காங்க, வார்டுக்குள்ள இப்ப விடமாட்டாங்க. அரை மணி ஆகும்.

அந்த ஆளு கடுமைதான், நீங்க புகார்ல எழுதினது பொய்யில்ல. ராணுவப் பயிற்சி ஆசிரியர்னு நீங்க மரியாதையா எழுதியிருக்கீங்க, நாங்க வெச்ச பேரு இஸ்திரிப்பெட்டி. சட்டையில ஒரு மடிப்பு கலையாது, கிட்டப் போனா சுடும். ஒருநாள் என் பூட்ஸ் அழுக்கா இருந்துச்சு. திட்டவே இல்ல. என்னை நாற்காலியில உக்காரவெச்சு, கையில டீயக் குடுத்து, மத்த முப்பது பேரயும் மைதானத்தச் சுத்தி ஓடவிட்டாரு. நடுவுல வந்து, ஆறிப்போகுதே, குடிக்கலயான்னு கேக்கறாரு. அதுக்கு நானே முப்பது பேருக்கும் சேத்து ஓடியிருப்பேன்.

மூணு நாள் எவனும் எங்கூடப் பேசல. உங்க பையன் மட்டும் வந்து, டீயில சக்கர சரியா இருந்துச்சாடான்னான். வீட்ல அவன சின்னவன்னு கூப்பிடுவீங்களாமே. நாங்க நெட்டைன்னுதான். கட்டில்ல கால் அடங்காது அவனுக்கு.

சமாளிச்சோம்ப்பா. விரிப்பு கலஞ்சா தண்டனைன்னு தரையில படுத்தோம். திட்டும்போது அவர் கண்ணப் பாக்காத, புருவத்துக்கு நடுவுல பாரு, பாதிதான் காதுல விழும்னு நெட்டைதான் சொல்லிக்குடுத்தான். நெஜமாவே பாதிதான் விழுந்துச்சு.

ஆமா, ரெண்டாவது பக்கத்துல அது இருக்கு. கால் வலின்னு தெரிஞ்சே நடக்கவிட்டாருன்னு. அதப் பத்தித்தான் சொல்லணும்.

அங்க ஒரு முறை இருக்குப்பா. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டிருவாங்க. ஜோடின்னதும் மொத நாள் சிரிச்சிட்டோம், அதுக்காகத் தவளை மாதிரி குதிச்சது தனிக்கதை. காலையில வரிசையில நின்னா, உனக்கு உடம்பு எப்படியிருக்குன்னு கேக்கமாட்டாரு. உன் ஜோடி எப்படியிருக்கான்னுதான் கேப்பாரு. அவனுக்கு நான் சொல்லணும், எனக்கு அவன். தன்னப் பத்தித் தான் வாயத் தொறக்கக்கூடாது. நாளைக்கு அதிகாரியானா உனக்குக் கீழ இருக்கறவன் உடம்ப நீதான் பாக்கணும், இப்பவே பாத்துப் பழகுன்னு சொல்வாரு.

இன்னொண்ணும் உண்டு. பயிற்சி முடிவுல மூட்டையத் தூக்கிட்டு ஒரு கடைசி நடை. அது கெளம்பறதுக்கு முன்னாடி ஒருத்தன் முடியாம படுத்துட்டா ஜோடியும் நின்னுடணும். ரெண்டு பேருமே அடுத்த அணிக்கு. திரும்ப மொதல்லேர்ந்து ஆறு மாசம், அதே இஸ்திரிப்பெட்டி. நடை கெளம்பிட்டா அந்தக் கணக்கு இல்ல, ஒருத்தன் விழுந்தாலும் மத்தவன் முடிச்சுக்கலாம்.

முதுகுல இருபது கிலோ, நாப்பது கிலோமீட்டர். நெட்டைக்கு முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல ஒரு வாரமா வீக்கம். நடை அன்னிக்குக் காலையில வரிசையில அவர் எங்ககிட்ட வந்து கேட்டாரு. நல்லாருக்கான் சார்னேன். அவர் நகரல. நெட்டையோட காலக் கொஞ்ச நேரம் பாத்தாரு. மறுபடி கேட்டாரு. சத்தம் போட்டு இல்லப்பா, அவ்ளோ மெதுவா அவர் பேசி நான் கேட்டதில்ல. யோசிச்சுச் சொல்லுன்னாரு. நல்லாருக்கான் சார்னேன்.

பதினெட்டாவது கிலோமீட்டர்ல எலும்பு ஒடிஞ்சுது. தோள்ல போட்டுட்டு ஓடினது அவர்தான். நான் பின்னாடி போகல. மிச்சத்த நடந்து முடிச்சேன்.

தெரிஞ்சேங்கற அந்த வரிய மாத்திடுங்க. அவருக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சவன் நான்.

இல்ல, இல்ல, அவன் மறைக்கச் சொல்லல. கூட்டாளிக்காக நான் பொய் சொன்னேன்னுதான் எல்லாரும் நெனச்சிட்டிருக்காங்க, தோளத் தட்டிக்கூடக் குடுத்தாங்க. அன்னிக்குக் காலையில பூட்ஸ் மாட்டும்போது, முடியலடா, இன்னிக்கு அவர்கிட்ட சொல்லிடுன்னுதான் சொன்னான். சரிடான்னேன்.

வர்ற வியாழக்கிழமை எனக்கு அதிகாரிப் பட்டம் குடுக்கறாங்கப்பா.