அடுப்பை அணையுங்கள், வியாழன் ஆடுகிறது!

அரங்கின் தலைமையை அழகுறத் தாங்கி வீற்றிருக்கும் அம்மையார் கோவிந்தம்மாள் அவர்களே! தக்காளி லோடு ஏற்றிவிட்டுத் தடதடவென ஓடிவந்திருக்கும் தோழர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! பிரியாணி வாசனை வரும் திசையையே பார்த்திருக்கும் தாய்மார்களே! மாரண்டஹள்ளி மண்ணே, வணக்கம்!

என்னம்மா கேட்கிறீர்கள்? "பாராட்டு விழான்னீங்க, புள்ள எங்கங்க?" என்றா? கேளுங்கள்! கேட்கத்தான் வேண்டும்! பொன்னாடை இருக்கிறது, மாலை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. நாயகி சமரீன் இல்லை! இதோ, இம்மண்டபத்தின் பின்வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு நிற்கிறார். பகலெல்லாம் ரவிக்கை தைக்கும் கை, பொழுது சாய்ந்தால் வியாழனைப் படமெடுக்கும் கை!

பெரிய தொலைநோக்கிகள் உலகில் இல்லையா? இருக்கின்றன. ஆனால் ஒரே கோளை அன்றாடம் காவல் காக்க அவற்றுக்கு ஏது நேரம்? அந்தக் காவலை ஏற்றவர்கள் சமரீனைப் போன்ற ஆர்வலர்கள்! அங்கே புயல் பிறந்ததா, புயல் தணிந்ததா என்றறிய, ஆய்வாளர்கள் இவர்களின் படங்களையும் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் வியாழன்மேல் ஒரு வெண்புள்ளியைக் கண்டார் சமரீன். புதுப் புயலோ? படமெடுத்து ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். "படம் நடுங்கியிருக்கிறது, தெளிவாக இன்னொன்று வேண்டும்" என்று பதில் வந்தது. அந்தப் புள்ளி நம் பக்கம் திரும்பியிருக்கும் வேளை இதுதான்! சற்று நேரத்தில் வியாழன் சுழலச் சுழல மறுபக்கம் போய் மறைந்துவிடும். தெளிந்த படம் போனால் பெரிய தொலைநோக்கி அங்கே திரும்பும். போகாவிட்டால்? சமரீன் கண்டது வெறும் பிரமை என்றாகிவிடும்!

இப்போதுதான் என் செல்போனுக்குச் செய்தி வந்தது: "வீரமணியண்ணா, படம் ஒரே ஆட்டமா ஆடுதுங்க. ஒண்ணும் தேறாது போல."

யாரப்பா அது, "லைட்டெல்லாம் ஆஃப் பண்ணுங்க" என்பது? அமருங்கள் தம்பி! வியாழனுக்கு வெளிச்சம் அவ்வளவு பகையல்ல, அனல்தான் பகை! நண்பகல் தார்ச்சாலைமேல் காற்று நெளிவதைப் பார்த்ததில்லையா? அப்படித்தான் நெளிகிறது சமரீனின் மாடிக்கு மேலே. அனல் எங்கிருந்து எழுகிறது? அவர் வீட்டுச் சுவரோரம் மூட்டினோமே பிரியாணி அடுப்பு, அங்கிருந்து! பாராட்ட வந்த நாமே அவர் பார்வையைக் கெடுக்கிறோம்! என்னால் இங்கே நிற்க முடியவில்லை!

சமையல் மாஸ்டர் ஹயாத் பாஷா அவர்களே! அடுப்பை அணைப்பீர்களா? "இப்பதாங்க அரிசி போட்டேன். நெருப்ப எடுத்தா கொழகொழன்னு ஆயிடுங்க. அப்பறம் என்னையத்தான் ஏசுவாங்க" என்கிறார். நியாயம்! ஊரையே கேட்போம். குழைந்த சோற்றை நாம் தின்றுவிடலாம். குலைந்த படத்தை யார் ஏற்பார்? சொல்லுங்கள் தாய்மார்களே!

"கொழைஞ்சா என்னங்க, தின்னுக்கறோம்!" கேட்டீர்களா பாய்? தண்ணீர் ஊற்றாதீர்கள், ஆவி கிளம்பும். கொள்ளிகளை இழுத்துத் தெருமுனையில் போட்டு மண்ணால் மூடுங்கள்! அதோ, முதல் கொள்ளியை ஹயாத் பாஷாவே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்! கை தட்டாதீர்கள், கை கொடுங்கள்!

மறுபடி செய்தி: "ஆட்டம் கொறையுதுங்கண்ணா." என் நெஞ்சின் ஆட்டம் குறையவில்லை! படம் போய்ச் சேரும்வரை குறையாது. பொன்னாடை காத்திருக்கட்டும், அவர் இறங்கி வந்ததும் போர்த்துவோம். பசி பொறுத்த பெருமக்களுக்கு நன்றி! தன் பேர் கெட்டாலும் கெடட்டும் என்று நெருப்பைத் தூக்கிய பாய்க்கு வணக்கம்! மைக்கை வைத்துவிட்டு நானும் மண் அள்ளப் போகிறேன்.