ஒன்பதரைக்கு ஒன்று

அந்தமானில் காரை விரட்டி ஓட்ட இடமே கிடையாது சார். கொஞ்ச நேரம் நேராக ஓட்டினால் எதிரே கடல் வந்து நிற்கும். ஆனாலும் என் தங்கை புருஷன் டெர்வினுக்குத் தன் பழைய கார் சிட்டாய்ப் பறக்க வேண்டும்.

சாத்தம் பாலத்துப் பக்கம் என் ஒர்க்‌ஷாப். இந்த அருள்நாதன் கை வைத்த எஞ்சின் ரிப்பேர் என்று திரும்பி வராது. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். முதலில் எஞ்சினைச் சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

அவன் காருக்கென்று மேஜையில் இரண்டு சிலிண்டர் ஹெட் இருந்தன. ஒன்று, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் பதினேழு நாள் காத்திருந்து நான் வரவழைத்தது. மற்றது டெர்வின் எங்கேயோ பிடித்து வந்தது. அடிப்பக்கத்தை ஏகத்துக்குச் சீவியிருந்தார்கள். ஹெட்டின் குழிக்குள்தான் பெட்ரோல் எரியும். குழி சிறுக்கச் சிறுக்க அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், கூடும், இழுவையும் கூடும். என் தங்கை பிரிஸ்கில்லா நர்ஸ். அவள் தந்த சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு இரண்டையும் அளந்தேன். என்னுடையது முப்பத்துமூன்று மில்லி பிடித்தது. கம்ப்ரஷன் ஒன்பதரைக்கு ஒன்று. அவனுடையது இருபத்தைந்துதான். பன்னிரண்டை எட்டிவிடும்.

"இங்க கிடைக்கிற பெட்ரோலுக்குப் பன்னெண்டு தாங்காது மாப்ளே. பிஸ்டன் பொத்துப் போகும்."

"டென்ஷன் மத் லோ மச்சான், கவலைய விடுங்க. உடைஞ்சா வண்டி நிக்கும். அவ்வளவுதானே? ஏரோப்ளேனா, கீழ விழுறதுக்கு?"

பிரிஸ்கில்லா சிரித்தாள். "ஏண்ணே, எஞ்சினுக்கு இந்த அளவு அளக்குற. எனக்கு மாப்பிள்ளை பாக்கையில இதுல பாதி அளந்திருக்கக் கூடாதா?"

நானும் சிரித்தேன். அவளுக்கு விளையாட்டு. ஆனால் பக்கத்து சீட்டில் உட்காரப் போவது அவள்தானே? சௌல்தாரி மேட்டில் எஞ்சின் இறுகி நின்று, பின்னால் லாரி வந்தால்? எனக்கு ஒரே தங்கை சார். அப்பா, அம்மா போன பிறகு நான் வளர்த்தவள். என் ஹெட்டையே மாட்டினேன்.

பிறகு ஒரு படகு எஞ்சினைப் பார்க்க இரண்டு நாள் ஹேவ்லாக் தீவுக்குப் போனேன். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் இருவரும் வண்டியை எடுக்க வந்தார்கள். வாசல் ஏற்றத்தில் டெர்வின் ஆக்சிலரேட்டரை மிதித்தான். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல எஞ்சின் தட்டியது. இறங்கச் சொல்லி பானெட்டைத் திறந்தேன். அவனுடைய ஹெட்.

"நீங்க ஹேவ்லாக்ல இருக்கையில ஆளை வச்சு மாத்திட்டேன்," என்றான். "அரே, என்ன இழுப்பு இழுக்குது பாருங்க மச்சான். உங்க ஹெட்டு மாட்டு வண்டிக்குத்தான் லாயக்கு. காயலான் கடையில போட்டாச்சு."

ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். டார்க் ரென்ச்சை எடுத்தேன். ஹெட் போல்ட்டை அளவாக முறுக்கும் முழங்கை நீளக் கம்பி. போல்ட்டை ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், மூன்று சுற்று. பழக்கம் அப்படி. அவனுக்கும் நெஞ்சில் தொடங்கினேன். விலா உடைந்தது கேட்டது. அடுத்த சுற்று தோளும் முட்டியும்.

"தப்புதான் மச்சான். கழட்டிடுறேன்," என்றான்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். பாதி முறுக்கிய ஹெட்டை யாராவது அப்படியே விட்டுப் போவார்களா? மூன்றாவது சுற்று தலையில்.

பிரிஸ்கில்லா என் கையைப் பிடித்துத் தொங்கினாள். "விடுண்ணே. வண்டியே வேணாம்ணே." உதறினேன். போய் அவன்மேல் குப்புற விழுந்து அவனை மூடிக்கொண்டாள். சுற்றில் இன்னும் மிச்சம் இருந்தது. அவள்மேல் எத்தனை விழுந்தது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவள் சத்தம் நின்ற பிறகு நானும் நிறுத்திவிட்டேன்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள் சார். அந்த வண்டியில் போய் என் தங்கைக்கு ஏதாவது ஆகியிருந்தால், என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.