குளிர் கேட்ட ஐரிஸ்

ஏசி ரிமோட்டைத் தண்ணீர் நிறைந்த பூவாளிக்குள் போட்டது நான்தான். கை தவறிவிட்டது என்றேன். எல்லாரும் நம்பினார்கள், தேத்தண்ணீர்க் கோப்பையையே ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத ஆள் நான்.

வெள்ளவத்தையில் எங்கள் பின்வளவு பாய் விரிக்கும் அளவுதான். அதில் சட்டிகளில் ஐரிஸ் பூச்செடி வளர்க்கிறேன். கடைகளில் விற்கும் கலப்பு வகையல்ல, காட்டில் தானாக முளைக்கும் அசல் இனம். இலை விசிறி மாதிரி விரியும். பூ மட்டும் வராது. ஏனென்று கேட்டால் நுகேகொடைச் செடிக்கடைக்காரன் பசளை விற்பான். தோட்டம் தெரிந்தவர்கள் "பாப்பம்" என்பார்கள். வருடக்கணக்காகப் பார்த்தேன். கடைசியில், ஐரிஸுக்குப் பனிக்காலம் வேண்டும் என்று வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னான்.

கொழும்பில் பனிக்காலம் வங்கிகளுக்குள் இருக்கிறது. அதைவிட்டால் அக்காவின் அறையில்.

இரத்தினம்மா அக்கா படுத்த படுக்கை. வெக்கை தாங்கமாட்டார் என்று மகள் தாரிகா மெல்பேர்னில் இருந்து ஏசி பூட்டுவித்திருந்தாள். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. குளிர் படவே கூடாது என்றார் டொக்டர். நான் சட்டிகளைக் கட்டிலோரம் அடுக்கி, ஏசியைப் பதினாறுக்கு இறக்கினேன். அக்கா ரிமோட்டைக் கேட்டார். அன்றுதான் என் கை தவறியது.

"தம்பி, குளிருதடா."

"பூ வந்தவுடனே நிப்பாட்டுறன் அக்கா. செலவில்லாமல் நுவரெலியாக் குளிர் பாக்கிறியள்."

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை. போர்வை போர்த்தினேன், என் காலுறையை மாட்டிவிட்டேன், சூப் பருக்கினேன். என்னைக் கல்நெஞ்சன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஏசியின் சுவிச் கதவோரச் சுவரில் இருந்தது. அக்காவால் எழும்ப முடியாது. என்னால் முடியும். தினமும் அதே பலகையில் விளக்கைப் போட்டேன், அணைத்தேன். ஏசியைத் தொடவில்லை. மொட்டு வரும்வரை பொறுப்போம் என்றிருந்தேன். அக்காதான் பொறுக்கவில்லை.

அக்கா போய் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று பக்கத்து வீட்டு றுஷ்னா வந்தாள். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படிப்பிப்பவள். இருண்ட அறையில் குனிந்து இலையைத் தடவிப் பார்த்தாள்.

"இது குளிர்நாட்டு ஐரிஸ் இல்ல அங்கிள். நம்மட சூட்டுலயே பூக்கிற சாதி. இதுக்குக் குளிர் தேவில்ல, வெயில்தான் வேணும்."

இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால், பாவம், அக்கா பூவையாவது பார்த்திருப்பார்.