மெட்ராஸுக்கு ஒரு லைட்னிங் கால்

இன்னும் மணி அடிச்சுக்கிட்டுதான் இருக்கா தங்கச்சி? வச்சிராதீங்க, உடனே லைன் கிடைக்கும்னு எட்டு மடங்கு காசு கட்டிப் போட்ட லைட்னிங் கால் இது. லேபுல ஃபோன் வராண்டாக் கோடியில இருக்கு, நடந்து வரணும்ல. ஹாஸ்டல்ல காலையிலருந்தே வரலைன்னு சொல்லிட்டாங்க. அப்ப லேபுலதான இருக்கணும், வேற எங்க போவா?

எம் பொண்ணுங்க, சுப்புலட்சுமி. பிஎச்.டி. பண்றா. நான் இசக்கிமுத்து, தெர்மல் கரண்டு ஸ்டேஷன்ல கண்ட்ரோல் ரூமு. ஷிஃப்ட் முடிஞ்சு நேரா உங்க டெலிபோன் ஆபீஸுக்குத்தான் வர்றேன். இல்லைங்க, உட்கார முடியல, நிக்கிறேன்.

என்ன படிப்பா? நகத்தளவு செம்புங்க, முழுசும் ஒரே படிகம். அது மேல வெள்ளியும் பல்லேடியமும் கலந்து ஒரு படலம் படிய வைக்கணும். கண்ணுக்கே தெரியாது, அணு நாலஞ்சு அடுக்குதான். கட்டியா இருக்குற உலோகத்துல எலக்ட்ரான் ஒரு மாதிரி இருக்குமாம், இவ்வளவு மெல்லிசானா வேற மாதிரி ஆயிருமாம். எப்படி ஆவுதுன்னு அளக்குறதுதான் அவ வேலை. போன லீவுக்கு வந்தவ தட்டுல ரசத்தைப் பரப்பி எனக்குக் காட்டுனா. அவ அம்மாகிட்ட திட்டு வாங்குனா.

அந்தப் படலத்துக்குக் காத்தே ஆகாதுங்க. எஃகு அறைக்குள்ள வச்சு, வாரக்கணக்கா பம்ப் ஓட்டி உறிஞ்சணும். துளி காத்துப் பட்டாலும் படலம் கெட்டுரும், மறுபடி முதல்லருந்து. ஏற்கெனவே ரெண்டு தடவை கெட்டுப்போச்சு. இப்ப புரொபசர் ரிட்டயர் ஆவுறாரு, மிஷின் வேற ஆளுக்குப் போயிரும். இதான் கடைசி.

நேத்து பேசுனா. நல்லா படிஞ்சிருச்சுப்பா, நாளைக்கு அளந்துருவேன்னா. இதுவும் போச்சுன்னா என்னைத் தேடாதீங்கன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்கு சிரிப்பு வரல.

மத்தியானம் புயல் காத்துல கரண்டு லைன் டவர் சாஞ்சுது பாருங்க, மெட்ராஸ்ல பாதிக்குக் கரண்டு போயிருச்சு. பம்ப் நின்னுருக்கும். ஜெனரேட்டரா? கேட்டுக் கேட்டு அலுத்துட்டா, குடுக்கல.

அடிக்கட்டுங்க. இன்னொரு கால் காத்துக்கிட்டு இருந்தா இருக்கட்டும் தாயி, கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க.

எடுத்துட்டாங்களா? யாரு, பொம்பளைக் குரலா? பேரைக் கேளுங்க. சுப்புவா... அவளேவா?

சரி. சரிங்க. இருக்கா. நல்லா இருக்கா.

இருங்க, ஃபோனைக் குடுக்காதீங்க, நீங்களே கேட்டுச் சொல்லுங்க. என்ன சொல்றா? அளக்குறதுக்கு முந்தியே போயிருச்சாமா? அழுவுறாளா? கரண்டு எப்படிப் போச்சுன்னு அப்பாவைக் கேளுங்கங்குறாளா?

குடுங்க தங்கச்சி, நானே சொல்றேன். டவர் சாஞ்சும் மத்த லைன்ல மெட்ராஸுக்குக் கரண்டு போய்க்கிட்டுதான் இருந்துச்சு. ஒரு லைன் அறுந்து லோடு குறைஞ்சதுல எங்க டர்பைன்தான் கட்டுமீறி ஓட ஆரம்பிச்சுது, பக்கத்துல ஆளுங்க நின்னாங்க. நிறுத்துனது நான்தான். அங்க அவ பம்ப் நிக்கும்னு தெரிஞ்சுதான் நிறுத்துனேன்.