ஜன்னலைச் சாத்திய கை

முதலில் இந்த மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து கிரீச் கிரீச்சென்று உயிரை வாங்குகிறது. வாக்குமூலத்தை எழுதிக்கொள்கிற தம்பிக்கும் தொந்தரவாக இருக்கும். நான் நிதானமாகத்தான் சொல்லப் போகிறேன். கோர்வையாகப் பேசுவது எனக்குப் பழக்கம். அதுதானே என் பிழைப்பு.

பாட்டு வீடியோக்களை ஓடவிட்டு, நடுநடுவே நிறுத்தி, இந்த வரிக்கு என்ன பொருள், இந்தக் காட்சியில் என்ன ஒளிந்திருக்கிறது என்று எடுத்துச் சொல்வேன். என் சேனலைப் பார்க்கிறவர்கள் என்னை வாத்தியார் என்பார்கள். நான் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் லட்சணத்துக்கு நான் வாத்தியார்தான். ஒருத்தி மழையில் நனைந்தபடி நின்றால் அவள் அழுகிறாள் என்பதைக்கூட ஒருவன் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு, "புல்லரிக்குது வாத்தியாரே" என்று எழுதுவார்கள். அவர்களுக்குப் புல்லரிக்க அதிகம் தேவையில்லை.

நீங்கள் கேட்கிற அந்தப் பாடகி, அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடி ஒரு பாட்டு வெளியிட்டாள். செலவே இல்லாத வீடியோ. ஒரு வீடு, ஒரு அறை, பின்சந்தைப் பார்த்த ஒரு பழைய மர ஜன்னல். கம்பிகூடக் கிடையாது. அதன் ஓரமாக உட்கார்ந்து பாடுகிறாள்:

என் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல்,
அதில் வந்து எட்டிப் பார்த்தது பகல்.
உள்ளே வா என்றேன்;
செருப்பைக் கழற்றிவிட்டு
வாசலிலேயே நின்றது.

கடைசி வரி முடியும்போது வெளியிலிருந்து ஒரு கை வருகிறது. நரம்பு தெரிகிற, வயதான ஆண் கை. ஜன்னல் கதவை இழுத்துச் சாத்துகிறது. அறை இருட்டாகிறது, பாட்டு முடிகிறது.

அந்தக் கை காலனுடையது என்று நான் விளக்கம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். ஊரே பாராட்டியது. பிறகு அவளை யாரோ பேட்டி எடுத்தார்கள். காலனுடைய கையாமே என்று கேட்டதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ, அது எங்க மாமா கைங்க. ஜன்னல் தாழ்ப்பாள் உடைஞ்சுபோச்சு, காத்துல டமால் டமால்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வெளிய நின்னு புடிச்சுக்குங்க மாமான்னேன். பாட்டு முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு சாத்திட்டாரு. நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டோம்."

பேட்டி எடுத்தவனும் சிரித்தான். அந்த மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் என்று அவளே பெருமையாக வேறு சொன்னாள். அன்று மாலையே என் வீடியோவின் கீழே ஒருவன், "வாத்தியாரே, காலன் இப்ப ஸ்கூல் வேன் ஓட்டுறாராமே" என்று எழுதினான். அவ்வளவுதான், எதைத் திறந்தாலும் அதுவேதான். புதுப் பாட்டுக்கு விளக்கம் போட்டால் "இது யாரு, கண்டக்டரா?" என்கிறார்கள். நேற்றுவரை புல்லரித்தவர்கள். அவர்கள் சிரித்ததற்காக நான் எதையும் செய்யவில்லை என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். சிரிப்புக்கெல்லாம் மனம் கோணுகிற ஆள் இல்லை நான்.

ஒரு படைப்பில் தற்செயல் என்று எதுவும் கிடையாது. தாழ்ப்பாள் உடைந்ததால் ஜன்னல் சாத்தப்பட்டது என்றால், அதைப் பார்க்க எவன் வருவான்? அதனால் இரண்டாவது வீடியோவில் அவள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். சரி அம்மா, அது உன் மாமாவின் கைதான். தாயில்லாத பெண்ணை வளர்த்த மாமா. அவள் ஒரே ஒரு ஜன்னல் என்று பாடுகிறாள். அதையும் அவர்தான் சாத்துகிறார். ஏன்? இருட்டில் அவள் யாரோடு இருக்கிறாள்? அந்தக் கை தினமும் காலையில் யாருடைய பிள்ளைகளை வேனில் ஏற்றுகிறது? கேள்வி மட்டும்தான் கேட்டேன். கையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தேன். நான் பதில் எதுவும் சொன்னதாக யாரும் காட்ட முடியாது.

வேன் கிண்டல் அன்றோடு நின்றது.

அந்த வாரத்திலேயே பிள்ளைகளை அவர் வேனில் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாடகி எனக்குப் போன் செய்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"எங்கம்மா போனப்புறம் நான் எழுந்திரிக்கவே மாட்டேன் சார். தினம் காலைல என் ரூம் வரைக்கும் வருவாரு. உள்ள வந்தா நான் சங்கடப்படுவேன்னு வாசல்லயே நின்னு, சாப்டியாம்மான்னு கேட்டுட்டுப் போவாரு. பாட்டுல பகல்னு நான் எழுதுனதே அவரத்தான். தயவுசெஞ்சு அந்த வீடியோவ எடுத்துருங்க."

ஒரு வேன் டிரைவர், பகல். இதை எழுதிக்கொண்டுதான் அவள் கவிஞர் என்று திரிகிறாள். எழுதியவர்கள் தங்கள் எழுத்துக்குச் சொல்கிற பொருளை நான் என்றைக்கும் கணக்கில் எடுத்ததில்லை. பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த மனிதரே என் வீட்டுக்கு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். உள்ளே வாங்க என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். இரண்டாம் முறை கூப்பிட்டும் வரவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு எங்கே நிற்பதென்று தெரியாது. துணிப்பையிலிருந்து துருப்பிடித்த ஒரு தாழ்ப்பாளை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இதாங்க அது. மரம் உளுத்துருச்சு, ஆணி நிக்கல. இப்பக்கூட காகிதத்த மடிச்சு இடுக்குல சொருகித்தான் வெச்சிருக்கேன். நீங்க படிச்சவங்க. இத உங்க வீடியோல ஒருவாட்டி காட்டிருங்க, போதும். எல்லாருக்கும் வெளங்கிரும். எனக்குன்னு ஒண்ணுமில்லைங்க. அந்தப் பிள்ளைங்க மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்கு விடியும்."

காட்டுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் கும்பிட்டார். கும்பிட்ட கையைப் பார்த்தேன். வீடியோவில் வந்த அதே கைதான். அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

அவர் போன பிறகு என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, "பாவங்க, அந்த மனுஷன். அத எடுத்துட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சுரப் போகுது?" என்றாள். அவள் சீரியலில் வில்லி புருவத்தைத் தூக்கினால் மட்டும் உள்ளர்த்தம் கண்டுபிடிக்கிறவள். அவளிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரலையில் வந்தேன். இரும்பை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்தார் என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? அதைக் கேட்டுச் சிலர் கொதித்தார்கள். ஏற்கெனவே அவளும் அவரும் இருக்கிற அந்த ஜன்னல் வீட்டுத் தெருவில் நான்கைந்து பேர் கூடியிருந்தது எனக்குத் தெரியும். அவர்கள் அங்கிருந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று எழுதினார்கள். பாடகி வெளியூரில் கச்சேரிக்குப் போயிருக்கிறாள், மாமா மட்டும்தான் உள்ளே என்றும் எழுதினார்கள். பிறகு ஒருவன் எழுதினான்: "வாத்தியாரே, ஆளு கதவ உள்பக்கமா பூட்டிக்கிட்டாரு. எப்படி உள்ள போறது?"

அதைப் படித்தேனா என்றுதானே காலையிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள்? படித்தேன். திரையில் அது மேலே நகர்ந்து போவதற்குள் இரண்டு முறை படித்தேன். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். நேரலையை நிறுத்தியிருக்கலாம். நான் மேஜை இழுப்பறையைத் திறந்து, அந்தத் தாழ்ப்பாளை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். சொன்னதும் ஞாபகமிருக்கிறது: "சாத்திய ஜன்னலுக்குத் தாழ்ப்பாளே இல்லை. அது இங்கே என் கையில் இருக்கிறது. வெறும் காகிதம்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது."

நல்ல வாக்கியம். இப்போது சொல்லும்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு அரை நிமிடம் அந்தத் தெருவிலிருந்து யாரும் எதுவும் எழுதவில்லை. மீதியைத்தான் நீங்கள் படமாக எடுத்து இந்த மேஜையில் பரப்பி வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது படத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள். தரையில் இறந்தவர் கைக்குப் பக்கத்தில் மடித்த காகிதம் கிடக்கிறது பாருங்கள். எட்டாகச் சின்னதாக மடித்திருக்கிறார். தள்ளியபோது விழுந்ததை எடுத்து மறுபடி சொருகப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. அந்த உடைந்த ஜன்னல் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. அத்தனை பேர் வெளியிலிருந்து தள்ளும்போது.

பாடகி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். அவரது செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு ஒரு பொருள் இருக்கும். இன்னும் யோசிக்கவில்லை.

சரி, உங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். கேட்டவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துதான் சொன்னேன். ஜன்னல் பின்சந்தில் இருக்கிறது, ஓர் ஆள் தாராளமாக நுழையலாம், உள்ளே ஒரே ஒரு கிழவர் இருக்கிறார், எல்லாம் தெரியும். நான் சொல்லாவிட்டால் அவர்கள் அந்தப் பூட்டிய கதவையே முறைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பியிருப்பார்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நான் உருவகமாகத்தான் சொன்னேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இத்தனை காலம் கரடியாய்க் கத்தியும் நான் சொன்ன எதையும் சரியாகப் பிடித்துக்கொள்ளத் தெரியாத கூட்டம் அது. அன்றைக்கு ஒருநாள்தான் நான் என்ன சொல்ல வருகிறேன் என்பதை ஒரு வார்த்தை பிசகாமல் புரிந்துகொண்டார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.