இரும்பை இறக்கி வைத்த முப்பத்தோர் ஆண்டுகள்

மரக்காணம் உப்பளக்கரைப் புவிகாந்த அளவுக்கூடத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் அளவீட்டாளராய்ப் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் அனுமந்தை திருமதி க. அமராவதி அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் உளமார்ந்த மதிப்போடும் மறைக்க விரும்பாத மனக்கொதிப்போடும் வாசித்தளிக்கும் மடல்.

கண்ணுக்குத் தெரியாததைக் கணித்தவரே! கணித்ததைக் கடைசிவரை கைவிடாதவரே!

தங்களைப் பற்றித் தங்களிடமே சொல்ல என்ன இருக்கிறது? கூடியிருப்போருக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆதலால் சற்று நேரம் தங்களை ‘அவர்’ என்றே குறிப்பிடுகிறோம், பொறுத்தருள்க.

அவர் அளந்தது எதை? நம் காலடியில், ஏறத்தாழ இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு கடல் இருக்கிறது. உருகிய இரும்பின் கடல். அடியிலிருந்து வெப்பம் மேலேற ஏற அந்த இரும்பு புரள்கிறது. பூமி சுழல்வதால் புரளல் சுருள்சுருளாய் முறுக்கிக்கொள்கிறது. ஏற்கெனவே இருக்கும் காந்தப்புலத்தின் ஊடே இரும்பு ஓடும்போது அதில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் திரும்பவும் காந்தப்புலத்தைப் பிறப்பிக்கிறது. இப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் புலம், சூரியனிலிருந்து பாய்ந்துவரும் துகள்களைப் பெருமளவு விலக்கிவிடுகிறது. செவ்வாய்க்கும் ஒருகாலத்தில் இது இருந்தது. உள்ளே ஓட்டம் ஓய்ந்தது, புலமும் அணைந்தது. மனிதர் இதுவரை தோண்டிய மிக ஆழமான துளை பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். அந்தக் கடலின் ஓர் அலையைக்கூட நம்மால் அசைக்க இயலாது.

அளக்கும் கருவியை ஏமாற்ற மட்டும் ஒரு சாவிக்கொத்து போதும். அதனால்தான் பித்தளை ஆணி அடித்த மரக்கூடம். அதனால்தான் உள்ளே போகுமுன் இரும்பை இறக்கி வைக்க வாசலில் ஒரு மரப்பெட்டி. அமராவதி அம்மா பணிநாளில் சேலைக்கு ஊக்கு குத்தியதில்லை, கொண்டைக்கு ஊசி செருகியதில்லை. மகளுக்கு முகூர்த்தம் முடிந்த கையோடு, பட்டுச்சேலையின் ஊக்குகளைப் பஸ்ஸிலேயே ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டு, பத்து மணி அளவீட்டுக்கு வந்து நின்றவர் அவர்.

பார்வையிட வந்த உயர் அலுவலரையே எங்கள் காவலர் சாலமன் ஒருமுறை தடுத்தார். “சார், பெல்ட்ட கழட்டிப் பெட்டில போட்டுட்டுப் போங்க. இல்லன்னா அம்மா என்னைத் திட்டுவாங்க.” அலுவலரின் முகம் அன்றே சுண்டிப்போயிற்று.

அதே அலுவலர்தான் சென்ற சித்திரையில், கூடத்தின் பொன்விழா என்ற பெயரில், ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கூடத்துக்கு நாற்பதடி தள்ளி ஒரு வரவேற்பு வளைவை நிறுவச் செய்தார். இரும்பு வளைவு! காந்தம் அளக்கும் வாசலில் இரண்டு டன் இரும்பு! திங்கட்கிழமை அளவீடு முப்பத்தெட்டு நானோடெஸ்லா எகிறி நின்றது.

செய்தி எப்படியோ கசிந்தது. மரக்காணத்தில் பூமியின் காந்தத்தை மனிதர்களே மாற்றிவிட்டார்கள் என்று தொலைக்காட்சி அலறியது. பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் பாஞ்சாலை, பாத்தியில் நின்றபடியே அம்மாவிடம் கேட்டார்: “இன்னாம்மா, பூமி காந்தத்தையே மாத்திட்டியாமே? அப்டியே இந்தக் கோடமழையையும் கடலாண்ட தள்ளி வுடேன், உப்பெல்லாம் கரையுது.”

“நானா மாத்துனேன்? வளைவு வெச்சவரப் போய்க் கேளு, பாஞ்சாலை.”

வளைவு வைத்தவரும் தொலைபேசியில் அழைத்தார். “அந்த முப்பத்தெட்டக் கழிச்சு எழுதிடுங்க மேடம். வளைவப் பத்தி எந்தக் குறிப்பும் வேணாம்.”

“இருக்கறத எழுதறதுதான் சார் என் வேலை. வளைவு இருக்குது. எழுதிட்டேன்.”

அந்த நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்ன? ‘கவனக்குறைவாக அளவீடு செய்தார்’ என்று ஒரு குறிப்பாணை! பணிப்பதிவேட்டில் அந்த ஒற்றை வரி நின்றால், அவர் எடுத்த முப்பத்தோர் ஆண்டு எண்களையும் உலகம் ஐயத்தோடுதான் பார்க்கும். ஊக்குகூடக் குத்தாதவருக்கா கவனக்குறைவு? பூமியின் புலத்தை மாற்ற முடியாதவர்கள் பதிவேட்டின் எண்ணை மாற்றப் பார்த்தார்கள். அதற்கும் அவர் விடவில்லை என்றதும் அவர் பெயரின்மேல் சேற்றைப் பூசினார்கள். எங்களுக்கு வயிறு எரிகிறது. அதை இந்த மங்கல வேளையிலும் சொல்லத்தான் செய்வோம்.

அம்மையீர்! மீண்டும் தங்களிடமே வருகிறோம். இன்று உள்ளே வரும்போது, வளைவைக் காணோமே என்று தாங்கள் இருமுறை திரும்பிப் பார்த்ததைக் கவனித்தோம். குறிப்பாணையை நீக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை, ஸ்பேனர் இருந்தது. காலை ஏழு மணிக்கு வளைவைக் கழற்றி, லாரியில் ஏற்றி, அதை வைத்தவரின் அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டோம். பத்து மணி அளவீட்டைத் தங்களுக்குப் பதிலாய் நிவேதா எடுத்தார். சூரியனால் நேரும் அன்றாட ஏற்றத்தாழ்வையும், தாங்கள் கற்றுத்தந்தபடியே, பக்கத்து நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டு நீக்கிப் பார்த்தோம். இறங்கியிருந்தது, தாங்கள் எழுதிய அதே முப்பத்தெட்டு. பதிவேட்டில் குறிப்போடு எழுதியிருக்கிறோம்: ‘வளைவு அகற்றப்பட்டது.’

நோயின்றி, நிறைவோடு, நூறாண்டு வாழ்க! இனி ஊக்கும் ஊசியும் இரும்புப்பிடிக் குடையுமாய், விருப்பம்போல் வாழ்க! இம்மடலுக்குச் சட்டம் தேக்கு, ஆணிகள் பித்தளை. ஒரு படி தங்கள் வீட்டுக்கு. இன்னொன்று இன்றுமுதல் கூடத்தின் உள்ளே, கருவிக்குப் பக்கத்தில் தொங்கும். முள் அசையாது.

காலை அளவீட்டுக்கும் கழற்றிய வளைவுக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவோர்:

நிவேதா, பாலகுரு, சிவஞானம், சாலமன்
உப்பளக்கரை அளவுக்கூடம், மரக்காணம்