மணி அடிக்கிற அறை

இப்படி வந்து பக்கத்துல உக்காரு தம்பி. இன்னும் கொஞ்சம் கிட்ட. அங்க வாசல்லயே நின்னு பேசினா எனக்கு ஆள் தெரியாது, கறுப்பா ஒரு நிழல்தான் தெரியும். கண்ணு ரெண்டும் பூத்துப்போச்சு. காது மட்டும் இருக்கு பாரு, அது எமகாதகக் காது. நீ படியேறும்போதே நினைச்சேன், இது பாரம் தூக்கிப் பழகின ஆளுன்னு. ஒவ்வொரு படியிலயும் குதிகாலை அழுத்தி வைக்கிற. மரக்கடைதானே? ஆங், அதான்.

தெரியும்பா, தெரியும். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு வான்னு உன் முதலாளி அனுப்பியிருக்கான். உனக்குத்தான் முதலாளி, எனக்குப் பெத்த பிள்ளை. காலையில கிளம்பும்போதே சொல்லிட்டுத்தான் போனான், இன்னையோட அந்தச் சனியன் இந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னு. தூக்கிக்கிட்டுப் போ, யாரு வேண்டாங்கறா? கொஞ்சம் பொறு, அவ்வளவுதான். உள்ள மருமக வேலையில இருக்கா. இன்னும் ஒரு பேச்சு பாக்கியாம். அதை முடிச்சு அனுப்பிட்டா அவளே தூசி தட்டிக் கொடுத்துடுவா.

ஐயோ, கதவைத் தட்டாதே. தட்டினாலும் கேக்காது, ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டுத்தான் உக்காருவா. நீ சும்மா கேளு. இரு... இதோ. கேட்டுச்சா? டிங்குன்னு, கண்ணாடி டம்ளர் விளிம்புல ஸ்பூன் பட்ட மாதிரி. அது அடிக்குதுன்னா அவ தட்டிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். உன் முதலாளிக்கும் அது தெரியும். சந்தேகமா இருந்தா அங்க பாரு, கதவோரமா அவ செருப்பு கிடக்கும், நீலப் பட்டை போட்டது. இருக்கா? பின்ன என்ன. உக்காரு.

அவ வேலை என்னன்னா, யாரோ பெரிய மனுஷங்க கூட்டத்துல பேசினதைப் பதிவு பண்ணி அனுப்புவாங்க. அதைக் காதால கேட்டு, கையால தட்டி, எழுத்தாக்கித் திருப்பி அனுப்பணும். கெட்டிக்காரி. நான் அவளை அப்படித்தான் கூப்பிடறது. ஏ கெட்டிக்காரி, தண்ணி கொண்டா. ஏ கெட்டிக்காரி, என் முதுகைச் சொறி. சிரிப்பா. அந்தச் சிரிப்பை வச்சுத்தான் வந்தது வினை, சொல்றேன் இரு.

முதல் தடவை என் பையன் பிளக்கைப் பிடுங்கினப்ப, சாப்பாடு ஆறிப்போச்சுன்னு காரணம் சொன்னான். ரெண்டாவது தடவை காரணமே சொல்லல. நேரா வருவான், சுவத்துல இருக்கறதைப் பிடுங்குவான், என்னடி, உன் ஆபீஸ் மூடிட்டாங்களான்னு கேட்டுட்டுப் போயிடுவான். அடி இல்ல, திட்டு இல்ல. வெளியில போய்ச் சொன்னா யாராவது நம்புவாங்களா? பிளக்கைப் பிடுங்கினான்னு ஒரு புகாரா?

ஆனா அவளுக்குத்தானே தெரியும். காலையிலேருந்து தட்டினது அத்தனையும் போயிடும். கம்ப்யூட்டர்ல அவ தட்டற பக்கத்துக்குப் பேரு எடிட்டராம், ரொம்பச் சாதாரணமானதாம், வெறும் எழுத்து மட்டும்தான். ஆபீஸ்ல அதுலதான் தட்டணும்னு சொல்லிட்டாங்க. சேவ் பண்ணுன்னு நாமா சொன்னாத்தான் அது வச்சுக்கும், சொல்லலைன்னா கரண்டு போன உடனே கையை விரிச்சிடும். இவளுக்குக் காதுல ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கான், நடுவுல எங்கே நிறுத்தி சேவ் சேவ்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியும்? மறந்துடுவா. மறந்த நேரமாப் பாத்துத்தான் அவனும் வருவான்.

அழுதாளாங்கறியா? அழுதா. ஒரு மாசம் அழுதா. அப்புறம் ஒரு நாள் அழறதை விட்டுட்டு ஸ்கிரிப்ட் எழுத உக்காந்துட்டா.

அப்படின்னா என்னன்னு நானும்தான் கேட்டேன். மெஷினுக்கு வேலை சொல்லிக் கொடுக்கறது அத்தை, ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா வரிவரியா எழுதி வச்சுட்டா அதுபடியே செய்யும்னா. என்ன எழுதினேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் காத்திரு. இருக்கறதை எடுத்துப் பத்திரப்படுத்து. மணி அடி. மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பி. அவ்வளவுதானாம். அடிப் பாவி, நான் கல்யாணம் ஆகி வந்தப்ப என் மாமியார் எனக்குச் சொன்னதும் இதேதான்டி, மணிக்குப் பதிலா வாயைத் திறக்காதேன்னாங்கன்னு சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே... இதோ, அடிச்சுது பாரு.

மணி எதுக்குன்னா, சேவ் ஆயிடுச்சுன்னு தலை நிமிராமலே தெரிஞ்சுக்க. எனக்கு அது நல்ல துணை. இந்த நாற்காலியிலயே உக்காந்திருப்பேன், அவ உள்ள இருக்கா, நல்லா இருக்கான்னு மனசு அடங்கியிருக்கும். ஒரு தடவை என்னாச்சு தெரியுமா? கதவுக்கு இந்தப் பக்கமிருந்து நான் பேசிக்கிட்டே இருக்கேன், என் முழங்கால் வலியிலேருந்து எதிர்வீட்டுக்காரி சண்டை வரைக்கும். உள்ளேருந்து மணி அடிக்குது. சரி, கேட்டுக்கிட்டே தட்டறா போலன்னு நானும் விடல. பாத்தா அவ மாடியில துணி உலர்த்திட்டு எனக்குப் பின்னாலேருந்து வரா! யாரோட பேசறீங்க அத்தைங்கறா. ஆள் இல்லாத நாற்காலிக்கு மணி அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு அந்தக் கழுதை. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். அப்புறம் அவ ஒரு வரி சேத்தா. எழுத்து ஏதாவது மாறியிருக்கான்னு முதல்ல பாரு, மாறியிருந்தா மட்டும் சேவ் பண்ணு, மணி அடின்னு. அதுக்கப்புறம் யாரும் தட்டாம அது அடிச்சதில்ல.

போன் அடிக்குதே, உன்னுதுதானே? அவனாத்தான் இருக்கும், எடு. சொல்லு, வேலை முடியப்போவுது, கையோட எடுத்துக்கிட்டு வரேன்னு... என்னவாம்? உள்ள இருக்காளான்னா? அவன் கேப்பான்பா, எனக்குத் தெரியும். போனைக் கதவுகிட்ட கொண்டு போய்க் காட்டு. இன்னும் கிட்ட. பொறு, பொறு... ஆங், அடிச்சுது. கேட்டுட்டானா? வச்சுட்டானா? அவனுக்கு அது போதும்பா. உக்காரு.

எங்க விட்டேன்? ஆங், சிரிப்பு.

ஸ்கிரிப்ட் போட்டதுக்கப்புறம் அவன் வந்தான், பிளக்கைப் பிடுங்கினான். இவ எழுந்து, மறுபடி சொருகி, மெஷினைப் போட்டா. எல்லாம் இருந்தது. கடைசியா தட்டின ரெண்டு வார்த்தைதான் இல்ல. ஒரு வாரம் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தான், ஒண்ணும் ஆகல. அப்புறம் ஒரு நாள் அவ குளிக்கப் போயிருந்தப்ப, உள்ள போய், தட்டினது மொத்தத்தையும் அழிச்சுட்டு வந்துட்டான். எழுத்து மாறியிருக்குன்னு பாத்ததும் அந்த மெஷின் அந்த வெறும் பக்கத்தை எடுத்துப் பத்திரமா வச்சுக்கிச்சு. மணியும் அடிச்சுது. எனக்குக் கேட்டுச்சு, அவதான்னு நினைச்சேன். அவ வந்து பாத்தா. அது நல்லது கெட்டது பாக்காது அத்தை, ஒண்ணுமில்லைன்னா அந்த ஒண்ணுமில்லாததையும் எடுத்து வச்சுக்கும், தப்பு என்னுதுதான்னா. அப்புறம் அதையும் திருத்தினா. ஒவ்வொரு தடவையும் பழசை அழிக்காம, புதுசு புதுசாத் தனியா வச்சுக்கற மாதிரி.

அடுத்த தடவை அவன் அழிச்சப்ப, அவன் கண்ணு முன்னாடியே பழசைத் திறந்து காட்டினா. காட்டினவ சும்மா இருந்திருக்கலாம். சிரிச்சுட்டா.

அந்த மேசையில ஒரு டிராயர் இருக்கு, நல்ல கெட்டி மரம், உங்க கடை மரம்தான். அவ வலது கை அதோட விளிம்புல இருந்தது. சத்தம் போடாம, இடுப்பால தள்ளினானாம். நான் இங்கதான் உக்காந்திருந்தேன். எனக்கு அந்தச் சத்தம்... வேண்டாம் விடு. ரெண்டு விரல். டாக்டர்கிட்ட, கவனிக்காம மூடிட்டா டாக்டர், எப்பவும் அவசரம் இவளுக்குன்னு அவனே சொன்னான். பக்கத்துலயே உக்காந்து தலையைக் கோதிவிட்டானாம்.

கட்டுப் போட்ட கையோட மறுநாளே தட்ட உக்காந்தா. மணி மெதுவா வரும். ரெண்டு மூணு சேந்தாப்பல அடிக்கும், அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் இருக்காது, வலிக்குதுன்னு நான் தெரிஞ்சுக்குவேன். அப்புறம் ஒண்ணு. இப்பவும் அப்படித்தான் வருது, கவனிச்சியா? இதோ.

அந்த நேரத்துலதான் எங்க பேத்தி, சின்னது, ஒண்ணாவது படிக்குது, பெருமையாப் போய் அப்பன்கிட்ட சொல்லிடுச்சு. அப்பா அப்பா, அம்மா தட்டினாத்தான் மணி அடிக்கும், தெரியுமான்னு. அதுக்கென்ன தெரியும், குழந்தை. அன்னையிலேருந்து அவன் பிளக்கைத் தொடறதில்ல. இந்த ஹால்ல வந்து உக்காந்துக்குவான். மணி கொஞ்சம் தாமதமானாப் போதும், என்ன அங்க சத்தத்தைக் காணோம்னு குரல் வரும். யாரோட பேசற, என்ன யோசிக்கறன்னு. கடையில இருக்கும்போது எனக்கு போன் போட்டு, அம்மா, மணி வருதாம்பான். நான் போனைக் கதவுகிட்ட காட்டணும், இப்ப நீ காட்டினியே, அதே மாதிரி. தன்னைக் காப்பாத்திக்க அவ செஞ்சு வச்சது, அதை அவ கழுத்துலயே கட்டிவிட்டுட்டான். கெட்டிக்காரத்தனம் அவ ஒருத்திக்குத்தான் சொந்தமா என்ன? என் பிள்ளையும் சளைச்சவன் இல்ல.

சரி, இவ்வளவும் பொறுத்தாளேன்னு கேக்கற. பொறுத்தா. போன வாரம் வரைக்கும். போன வாரம் அவன் குழந்தையை மடியில தூக்கி வச்சுக்கிட்டு அந்த மேசைகிட்ட உக்காந்தான். டிராயரைத் திறந்தான். குழந்தையோட கையைப் பிடிச்சு, அந்த விளிம்புல ஒவ்வொரு விரலா எடுத்து வச்சானாம். மூடல. மூடலப்பா. விளையாட்டும்மா இதுன்னான் என்கிட்ட. குழந்தையும் விளையாட்டுன்னுதான் சிரிச்சுது. இவ சுவத்தோரமா நின்னுக்கிட்டு இருந்தா. அவ மூச்சு விடற சத்தமே எனக்குக் கேக்கல.

என்ன பண்ணினாளா? ஒண்ணும் பண்ணல. போய் உக்காந்து தட்டினா.

ரெண்டு நாள் கழிச்சு என்கிட்ட வந்து, அத்தை, கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க, இது நான் தட்டற மாதிரி இருக்கான்னா. கேட்டேன். இல்லடி, இது சிப்பாய் நடக்கற மாதிரி ஒரே சீரா வருது, நீ இப்படித் தட்ட மாட்டேன்னேன். பின்ன எப்படித் தட்டுவேன்னா. என் தொடையில தட்டிக் காட்டினேன், ரெண்டு மூணு சேந்தாப்பல, அப்புறம் வலிக்கு ஒரு இடைவெளி, அப்புறம் ஒண்ணு. அவ உடனே போய்...

இரு.

உஷ். பேசாதே. உனக்கு ஏதாவது கேக்குதா?

கேக்கலதானே? எனக்கும் கேக்கல. இன்னும் கொஞ்சம் பாப்போம்.

ம். நின்னுடுச்சு.

இப்பப் போ தம்பி. கதவைத் தள்ளு, தாழ்ப்பாள் போடல. மெஷின் அங்கயேதான் இருக்கும், தூக்கிக்கோ. நாற்காலியில யாரும் இருக்க மாட்டாங்க, பயப்படாதே. குழந்தை இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகல. இவ அவ செருப்பை அங்க விட்டுட்டு என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிருக்கா. ஒரு அளவு பெருசு அது, ஓடினா வழுக்கும், மெதுவாப் போன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.

உன் முதலாளிகிட்ட, கிழவி பேசிப் பேசி என்னை எழுந்திரிக்க விடலைன்னு சொல்லிடு. பொய் இல்லையே. சாயங்காலம் வருவான். வரட்டும். எனக்கும் விரல் பத்து இருக்கு.

எழுத்து மாறியிருக்கான்னு பாருன்னு அவ ஒரு வரி சேத்தான்னு சொன்னேன்ல, காலையில அதை அழிச்சுட்டா. நான் தொடையில தட்டிக் காட்டின கணக்கை அந்த இடத்துல போட்டா. கிளம்பி வாசல் வரைக்கும் போனவ, குழந்தையை என் கையில பிடிச்சுக்கக் கொடுத்துட்டுத் திரும்பி உள்ள போனா. எனக்குத்தான் கண்ணு தெரியாதே, கடிகாரம் பாக்க முடியாதே, அதுக்காக இன்னும் ஒரே ஒரு வரி எழுதினா. ரயில் கிளம்பி ஊர் எல்லை தாண்டற நேரத்துக்குக் கணக்குப் போட்டு, தாமதமாச்சுன்னா இருக்கட்டும்னு கொஞ்சம் கூட்டி வச்சு, அதுக்கு மேல அடிக்காதேன்னு. யார் வந்தாலும் அது நிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க அத்தைன்னா.